அச்சங்குளம் வழியில் எலிசபெத் பாரெட்

சாத்தூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் காராச்சேவும் வெள்ளரிப்பிஞ்சும்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் பேனா நிப்பும் இந்த ஊரின் பெயரைச் சொன்னது. பள்ளிக்கூடத்து மைப்பேனா முதல் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் பேனா வரை சாத்தூர் நிப் ஓடிய தலைமுறை இன்னும் இருக்கிறது. பந்துமுனைப் பேனா வந்தது, நிப் தொழில் ஒடுங்கியது, அந்தக் கைகள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போயின. கரிசல் மண்ணில் மானாவாரி வெள்ளாமையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாதவர்களுக்குத் தொழிற்சாலைதான் இரண்டாவது மழை. சாத்தூரை விட்டுத் தென்மேற்கே ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலமும் பனையும் தரிசும் மாறி மாறி வரும். இடையிடையே கம்பி வேலிக்குள் ஓரறைக் கட்டடங்கள் வரிசை கட்டி நிற்கும். அவற்றுக்கு நடுவே வேப்பமரங்கள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே விட்டிருக்கும் வெற்றிடம் இடவசதி மிஞ்சிப்போய் விட்டதல்ல. ஒன்று வெடித்தால் மற்றது தப்ப வேண்டும் என்பதற்காகச் சட்டம் அளந்து கொடுத்த தூரம் அது. அந்த வழியில் இருக்கும் ஊர்தான் அச்சங்குளம்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஃபேன்சி ரகப் பட்டாசுக்கு மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வு என்று முதல் செய்திகள் கூறின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது, விசாரிக்கக் குழு அமைத்தது. சில நாட்கள் இந்தியா முழுவதும் அச்சங்குளத்தின் பெயரை உச்சரித்தது, பிறகு மறந்தது. இந்த வட்டாரத்தில் பயணம் செய்கிறவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி இதுதான்: நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே சிவகாசி வட்டாரத்தின் பெயரைச் சொன்னால் டெல்லி முதல் ஜெனீவா வரை மனசாட்சிகள் துடித்தன. அன்று கட்டை அடுக்கிய, பெட்டி ஒட்டிய சிறுவர் சிறுமியரின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. இன்று பெரியவர்கள் சாகும்போது அந்தத் துடிப்பு ஏன் ஒரு வாரம் கூட நிற்பதில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேட, கரிசலுக்குக் கொஞ்சமும் தொடர்பில்லாதவர்போல் தோன்றும் ஓர் ஆங்கிலக் கவிஞரின் வாழ்க்கை உதவுகிறது. அவர் எலிசபெத் பாரெட் பிரவுனிங். குழந்தைத் தொழிலாளர்களுக்காக 1843இல் அவர் எழுதிய ‘தி கிரை ஆஃப் தி சில்ட்ரன்’ என்ற கவிதைதான் தொழிற்சாலைக் குழந்தைமீது இரங்குவதற்கு ஐரோப்பாவுக்குக் கற்றுக்கொடுத்த எழுத்துகளில் முதன்மையானது. அந்தக் கவிதை எதனால் பிறந்தது, எங்கே நின்றுபோனது என்று பார்த்தால் சிவகாசியின் கதையும் விளங்கும்.

எலிசபெத் 1806 மார்ச் 6 அன்று வட இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் பிறந்தார், ஹியர்ஃபர்டுஷயரில் ஹோப் எண்ட் என்ற மாளிகையில் வளர்ந்தார். அவரது கவித்துவத்தை உருவாக்கியவை எவை என்று கேட்டால் ஆய்வாளர்கள் வழக்கமாகப் புத்தகங்களைத்தான் அடுக்குவார்கள். ஹோமரை மூலத்திலேயே படிக்கக் கிரேக்கம் கற்றது, மாரத்தான் போரைப் பற்றி எழுதிய காவியத்தை 1820இல், பதினான்காவது வயதில், தந்தையே அச்சிட்டுத் தந்தது, பார்வையிழந்த கிரேக்க அறிஞர் ஹியூ ஸ்டூவர்ட் பாய்டுக்கு வாசித்துக் காட்டியது, பெண்ணுரிமை பேசிய மேரி உல்ஸ்டன்கிராஃப்டை இளவயதிலேயே படித்தது, எல்லாம் உண்மை. தமக்கு முன்னால் பாட்டிமார் வரிசையில் ஒரு பெண் கவிஞரைத் தேடியும் கிடைக்கவில்லை என்று ஒரு கடிதத்தில் குறைபட்டுக்கொள்ளவும் செய்தார். ஆண்டாளின் திருவில்லிபுத்தூரைக் கூப்பிடு தூரத்தில் வைத்திருக்கும் இந்த வட்டாரத்தில் எழுத வரும் பெண்ணுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் புத்தகத்துக்கு வெளியே அவரைச் செதுக்கியவை வேறு. பதின்ம வயதிலேயே பிடித்துக்கொண்ட நோய், அதற்காகத் தரப்பட்ட அபின் கலந்த மருந்து, 1840இல் டார்கீ கடலில் மூழ்கிப்போன தம்பி எட்வர்டு, அந்தத் துயரத்துக்குப் பிறகு லண்டன் விம்போல் தெரு வீட்டில் பெரும்பாலும் ஒரே அறைக்குள் கழிந்த ஆண்டுகள். குழந்தைத் தொழிலாளர் கவிதை அந்த அறையிலிருந்துதான் வந்தது. அதை எழுதியவர் சுரங்கத்துக்குள் இறங்கியவரில்லை, ஆலைக்குள் நுழைந்தவருமில்லை.

அப்படியானால் அந்தக் கவிதைக்குள் சுரங்கமும் சக்கரமும் எப்படி வந்தன? அறிக்கை வழியாக வந்தன. 1840இல் ஆஷ்லி பிரபுவின் முயற்சியால் பிரிட்டிஷ் அரசு குழந்தைகளின் வேலையை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. துணை ஆணையர்கள் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளையே உட்காரவைத்துக் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதி வாங்கினார்கள். சுரங்கங்களைப் பற்றிய முதல் அறிக்கை 1842 மே மாதம் வந்தது. இருட்டில் காற்றுக்கதவைத் திறந்து மூட உட்காரவைக்கப்பட்ட பொடியன்களையும், இடுப்பில் சங்கிலி கட்டி நிலக்கரி வண்டியைத் தவழ்ந்து இழுத்த சிறுமிகளையும் மரச்செதுக்குப் படங்களாகவே அச்சிட்டுக் காட்டியது அது. தொழிற்கூடங்களைப் பற்றிய இரண்டாம் அறிக்கை 1843இல் வந்தது. அதற்காகப் பூட்டுத் தொழில் நடந்த உல்வர்ஹாம்டன், வில்லன்ஹால் பகுதிகளைச் சுற்றிவந்த துணை ஆணையர் ரிச்சர்டு ஹென்றி ஹார்ன். அவரும் கவிஞர், எலிசபெத்துக்குக் கடித நண்பர். கவிதையில் ஓர் இடம் உண்டு. குழந்தைகளுக்கு ஜெபத்தின் முதல் இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் தெரியாது, அந்த இரண்டையே மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இது கவிஞரின் கற்பனை என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த இடத்தில் எலிசபெத் ஓர் அடிக்குறிப்பே போட்டு, இது ஹார்னின் அறிக்கையில் பதிவான உண்மை என்று சொல்கிறார். உருக்கமான பாட்டுக்கு நடுவே அரசாங்க அறிக்கையைச் சுட்டும் அடிக்குறிப்பு! அந்தக் கவிதையை எழுதவைத்தது வெறும் மன இளக்கம் அல்ல, அச்சான வாக்குமூலம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1835 முதல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தாள்கள் பொதுமக்களுக்கு விலைக்குக் கிடைத்தன என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அரசு தன் நாட்டின் அவலத்தை அச்சிட்டு விற்றது. அறைக்குள் முடங்கிய பெண் ஒருவர் அதைப் படித்தார்.

நேரில் பார்க்காதவர் எழுதிய இரக்கம் இரவல் இரக்கம்தானே என்ற மறுப்பு எழும். இந்தக் கேள்விக்குத் தமிழிலேயே ஒரு நல்ல எதிர்ச்சான்று இருக்கிறது. ராஜம் கிருஷ்ணன். பள்ளிப் படிப்பு தொடராமல் பதினைந்து வயதில் மணமாகிப் போனவர், எழுதப்போகும் மக்களிடையே போய்த் தங்கிப் பார்த்து எழுதுவதைத் தம் முறையாக வைத்துக்கொண்டார். மீனவர்களுக்காக ‘அலைவாய்க் கரையில்’, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளருக்காக ‘கரிப்பு மணிகள்’, சிவகாசி வட்டாரத்துக் குழந்தைத் தொழிலாளருக்காக ‘கூட்டுக் குஞ்சுகள்’ என்று அடுத்தடுத்து நாவல்கள். எலிசபெத் அறையை விட்டு நகரவில்லை, ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராக அலைந்தார். இருவரில் யார் எழுத்து உயர்ந்தது என்று தராசு பிடிப்பது இங்கே வேலையில்லை. கவனிக்க வேண்டியது, இருவருமே பிறர் வாயிலிருந்து வந்த சொல்லைத் தம் சொல்லைவிடப் பெரிதாக மதித்தார்கள் என்பது. ஒருவர் அதைக் காகிதத்தில் படித்தார், மற்றவர் காதால் கேட்டார். கவனமாகப் படிப்பதும் ஓர் உழைப்பு. பார்க்காமல் எழுதியது குற்றமென்றால், பார்த்துவிட்டும் தங்கள் வசனத்தையே தொழிலாளியின் வாயில் திணித்த எழுத்துகள் அதைவிடப் பெரிய குற்றம் செய்தவை. ஆகவே எலிசபெத்தின் குறை அவர் தொலைவிலிருந்து எழுதியதில் இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பாரெட் குடும்பத்தின் செல்வம் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அதாவது அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. அந்தப் பணத்தில் கிரேக்கம் கற்றவர் ஆலைக் குழந்தைகளுக்காக அழுவதில் என்ன நேர்மை? 1832இல் பண நெருக்கடியால் ஹோப் எண்ட் மாளிகை விற்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இயற்றியது. எலிசபெத் தம் குடும்பச் சொத்தின் மூலத்தை மூடி மறைக்கவில்லை. தாம் அடிமை உடைமையாளர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதைக் கலை விமர்சகர் ரஸ்கினுக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படையாகச் சொன்னார். 1840களின் இறுதியில், அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தாருக்காக, தப்பியோடும் ஓர் அடிமைப் பெண் பேசுவதாக நீண்ட கவிதை எழுதிக்கொடுத்தார். சலுகையில் பிறந்தவர் பேசக் கூடாது என்று விதித்தால் இந்த வட்டாரத்துக் குழந்தைகளுக்காகப் பேசிய வழக்கறிஞர்கள், நீதிபதிகள், ஆவணப்பட இயக்குநர்கள் அத்தனை பேர் வாயையும் அடைக்க வேண்டியிருக்கும். பேசியவர் யார் என்பதைவிடப் பேச்சு எதுவரை போனது என்று கேட்பதே பயன் தரும்.

அங்கேதான் சிக்கல். கவிதை வெளியானது 1843 ஆகஸ்டில், பிளாக்வுட்ஸ் இதழில். பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்ற சட்டம் அதற்கு ஓராண்டு முன்பே, 1842 ஆகஸ்டில் நிறைவேறிவிட்டது. கவிதை சட்டத்தைக் கொண்டுவந்தது என்று புத்தகங்களில் எழுதுவது ஆண்டுக்கணக்கைப் பார்க்காத புகழ்ச்சி. அறிக்கைதான் சட்டத்தைக் கொண்டுவந்தது. கவிதை, அந்த அறிக்கை எழுப்பிய உணர்ச்சி அடங்கிப்போகாமல் காத்தது, 1844இன் தொழிற்சாலைச் சட்டத்துக்கு உகந்த காற்றை வீசவைத்தது, அவ்வளவே. அந்தச் சட்டம் எட்டு முதல் பதின்மூன்று வயது வரையிலான குழந்தைகளின் வேலை நேரத்தை ஆறரை மணியாகக் குறைத்தது. ஆனால் இரக்கம் குழந்தையோடு நின்றுவிட்டதன் விலையைச் சுரங்கங்களில் பார்க்கலாம். குழந்தைகள் வெளியேறிய பிறகும் சுரங்கம் அதே சுரங்கமாகத்தான் இருந்தது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு முறையான பாதுகாப்பு ஆய்வாளர்களை நியமிக்கும் சட்டம் வர 1850 ஆயிற்று. 1862இல் ஹார்ட்லி சுரங்கத்தின் ஒரே வாய் அடைபட்டு 204 பேர் உள்ளேயே இறந்த பிறகுதான் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வழி வேண்டும் என்று சட்டம் வந்தது. 1866 டிசம்பரில் பார்ன்ஸ்லி அருகே ஓக்ஸ் சுரங்கம் வெடித்து 361 பேர் இறந்தார்கள். மீட்கப் போனவர்கள் மறுநாள் வெடிப்பில் பலியானதும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தி. பெரியவனின் சாவுக்குப் பாட்டு எழுதப் பெரும்பாலான கவிஞர்கள் அவசரப்படவில்லை. அவன் விரும்பி வேலைக்கு வந்தவன், கூலி வாங்கினவன் என்பது அந்தக் காலத்துப் பொருளாதார நியாயம்.

சிவகாசியின் வரலாறு இதே தடத்தில் நடந்திருக்கிறது என்பதே இந்தப் பயணத்தில் தெளிவாகும் உண்மை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பட்டாசும் அச்சும் பின்னால் வந்தன. வறட்சி ஆளைக் கொடுத்தது, வறண்ட காற்று சரக்கைக் காயவைத்தது. அதிகாலையில் கிராமங்களுக்கு ஆலைப் பேருந்து வந்து குழந்தைகளைத் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிக்கொண்டு போகும். தீப்பெட்டி ஆபீசில் மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், லேபிள் ஒட்டுவதும் சின்னக் கைகளின் வேலை. 1976இல் தமிழக அரசு அமைத்த ஹர்பன்ஸ் சிங் குழு இதை ஆராய்ந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்று படித்தால் வியப்பூட்டும். நேரடி உற்பத்தியில் குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது, தள்ளியிருக்கும் இடத்தில் பேக்கிங் வேலைக்கு வைக்கலாம், பெரியவருக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதம் தர வேண்டும் என்றது அது. சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படமும் அந்தக் காலத்தில்தான் வந்தது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில் நீதிமன்றம் இன்னும் உறுதியாக நின்றது. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி நல நிதியில் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு அரசு ஒரு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும் என்றது. சத்துணவு, சிறப்புப் பள்ளிகள், இயந்திரமயம், ஆய்வுகள், பெற்றோரின் மனமாற்றம் எல்லாம் சேர்ந்து குழந்தைகளைப் பள்ளிக்குத் திருப்பின. இது சிறிய வெற்றியல்ல. அந்த வெற்றியைக் கொண்டுவந்த இரக்கத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் குழந்தைகள் போன இடத்தில் யார் உட்கார்ந்தார்கள்? அவர்களுடைய அம்மாக்கள், அக்காமார், அப்பாக்கள். மருந்து அதே மருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றின் குணம் ஆளின் வயதைப் பார்த்து மாறுவதில்லை. ஆலைக்குள் ஒவ்வோர் அறையின் வாசலிலும் ஒரு பலகை உண்டு. இந்த அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இத்தனை கிலோ மருந்துதான் வைக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். வாசலில் செம்புத் தகடு. உடம்பில் தங்கிய மின்னூட்டம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு, பக்கத்தில் மணல் வாளி, வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள். ஏட்டில் பார்த்தால் இதைவிடக் கவனமான தொழில் வேறில்லை. விபத்து நடந்த ஆலைகளைப் பற்றிய விசாரணைகளில் திரும்பத் திரும்ப வருபவை வேறு: அனுமதித்ததைவிட அதிக ஆட்கள், அதிக மருந்து, அறைக்கு வெளியே மரநிழலில் நடக்கும் வேலை, உரிமம் வாங்கியவர் அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுவது. இவற்றோடு கூலியும் பீஸ் கணக்கில் இருக்கும்போது, எத்தனை உருப்படியோ அத்தனை காசு என்றாகும்போது, பலகையில் எழுதியிருக்கும் எண் யாருக்கும் தெரியாததல்ல, யாராலும் கடைப்பிடிக்கக் கட்டுப்படியாகாதது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நாற்பதை நெருங்கியவர்கள் இறந்தார்கள். முதல் வெடிப்பைக் கேட்டு ஓடிவந்தவர்களும் அவர்களில் உண்டு. ஓக்ஸ் சுரங்கத்தில் மீட்கப் போனவர்களுக்கு நேர்ந்ததேதான். இடையில் 146 ஆண்டுகள்.

இப்படிச் சொல்வது தொழிலுக்கு எதிரான பேச்சு என்று இந்த வட்டாரத்தில் உடனே மறுப்பு வரும். மறுப்பில் நியாயம் இருக்கிறது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இதுதான் சோறு. 2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றபோதும், பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை வந்தபோதும், ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததில் அடுப்பு அணைந்தது தொழிலாளி வீட்டில்தான். நகரத்தின் நுரையீரலுக்காக எழுதப்பட்ட கட்டுரைகளில் அச்சங்குளத்தின் வயிறு இடம்பெறுவது அரிது என்ற ஆதங்கமும் பொய்யல்ல. பக்கத்திலேயே வெம்பக்கோட்டை இருக்கிறது. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் குவியலாகக் கிடைத்தன. இங்கே கைத்தொழில் நேற்று முளைத்ததல்ல, இந்த மக்களிடமிருந்து தொழிலைப் பிடுங்கிவிட்டுப் பாதுகாப்பு பேசுவது அறமும் அல்ல. ஆனால் தொழிலுக்கும் உயிருக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பதே பொய்யான கேள்வி. வாசல் பலகையில் உள்ள எண்ணைக் கடைப்பிடித்தால் தொழில் அழியாது, சிலரின் லாபம் குறையும், பட்டாசின் விலை கொஞ்சம் கூடும். பிரிட்டனிலும் பத்து மணி நேரச் சட்டம் வந்தால் ஆலைகள் மூடிவிடும் என்றுதான் சொன்னார்கள். 1847இல் சட்டம் வந்தது, ஆலைகள் ஓடின.

இன்னொரு மறுப்பும் உண்டு. குழந்தைக்கு இரங்குவது இயற்கை, பெரியவருக்கு அதே இரக்கத்தை எதிர்பார்ப்பது மனித சுபாவத்தோடு சண்டை போடுவது என்பார்கள். சரி, அப்படியானால் பெரியவருக்கு இரக்கம் வேண்டாம், வேறு ஒன்று வேண்டும். எலிசபெத்தே பிற்காலத்தில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1846 செப்டம்பர் 12 அன்று தந்தைக்குத் தெரியாமல் கவிஞர் ராபர்ட் பிரவுனிங்கை மணந்து, இத்தாலியின் ஃபிளாரன்சில் குடியேறினார். 1856இல் அவர் வெளியிட்ட ‘அரோரா லீ’ ஒன்பது பகுதிகள் கொண்ட செய்யுள் நாவல். அதில் ரோம்னி என்பவன் ஏழைகளைப் புள்ளிவிவரமாகப் பார்த்து, தன் மாளிகையையே அவர்களுக்கான குடியிருப்பாக்கி, திட்டம் போட்டு உயர்த்தப் பார்க்கிறான். யாருக்காகச் செய்தானோ அவர்களே அதை எரித்துவிடுகிறார்கள். கதைத்தலைவி அரோரா எழுதிப் பிழைக்கும் பெண், தன் கூலியைத் தானே சம்பாதிப்பவள். மரியன் என்ற ஏழைத் தையல்காரி தனக்கு நேர்ந்ததைத் தன் வாயாலேயே சொல்கிறாள். முதல் கவிதையில் பரிதாபத்துக்குரிய கூட்டமாக அழுதவர்கள், இந்த நூலில் தனித்தனி ஆளாகப் பேசத் தொடங்குகிறார்கள். அவர் 1861 ஜூன் 29 அன்று ஃபிளாரன்சில் மறைந்தார். அவர் தொட்டுவிட்டு நின்ற இடத்தைத் தாண்டியவர்கள் கவிஞர்கள் அல்ல, லண்டனின் தீப்பெட்டிப் பெண்கள். 1888 ஜூனில் அன்னி பெசன்ட் தம் பத்திரிகையில் பிரையன்ட் அண்டு மே ஆலையின் அபராதங்களையும் கூலியையும் பெண்களிடமே கேட்டு எழுதினார். அடுத்த மாதம் சுமார் 1,400 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். அபராதம் ஒழிந்தது, பாஸ்பரஸ் படாமல் சாப்பிடத் தனி இடம் கிடைத்தது. தாடையை அரிக்கும் வெள்ளைப் பாஸ்பரசைச் சட்டம் விரட்ட மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன, இந்தியாவில் அதற்கான தடைச் சட்டம் 1913இல் வந்தது. அந்த அன்னி பெசன்ட்தான் பிறகு சென்னை அடையாறுக்கு வந்து தங்கியவர். அவர் அந்தப் பெண்களுக்காகக் கண்ணீர் மட்டும் விட்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது. அவர்கள் சொன்னதை அச்சிட்டார், நின்று போராடியவர்கள் அவர்களே.

வேண்டியது இதுதான்: தொழிலாளியின் சாட்சியம், அதுவும் பலர் கையில் சேரும் அச்சு வடிவில். அது இல்லாத இடத்தில் கவிதை வெறும் புலம்பல், நாவல் வெறும் கற்பனை, சட்டம் வெறும் பலகை. சாத்தூர் பக்கம் எழுத்தாளர்களுக்குப் பஞ்சம் இல்லை. மேலாண்மறைநாட்டிலிருந்து எழுதிச் சாகித்திய அகாதெமி வரை போன மேலாண்மை பொன்னுச்சாமி முதல் இன்று எழுதும் இளைஞர்கள் வரை கரிசலின் வாழ்க்கையைக் கதையாக்கியவர்கள் பலர். பஞ்சம் அடிப்படை ஆவணத்துக்குத்தான். ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் வழக்குப் பதிவாகிறது, போர்மேன் கைதாகிறார், குழு அமைகிறது, நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. அந்தக் குழு கண்டறிந்தது என்ன, அறையில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள், குத்தகை யார் பெயரில் இருந்தது, தப்பிப் பிழைத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது தமிழில், அந்த ஊர்க்காரர்கள் வாசிக்கும்படி, ஒரு புத்தகமாக அவர்கள் கைக்கு வருவது வழக்கமாகவில்லை. நீதிமன்றத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, கட்டு கட்டாக அலமாரியில் இருக்கிறது. பிரிட்டனின் ஆணையம் ஒன்றும் புனிதர்களின் சபையல்ல, முதலாளிகளின் நண்பர்களும் அதைச் சுற்றி இருந்தார்கள். ஆனாலும் அது எழுதியதை அச்சிட்டு விற்றது. அந்த ஒரு பழக்கத்தால்தான் விம்போல் தெருவில் கட்டிலில் கிடந்த ஒருவருக்கு வில்லன்ஹாலின் பூட்டுப் பட்டறை தெரிந்தது.

அச்சங்குளத்திலிருந்து வெம்பக்கோட்டை வழியாக வந்தால் பயணம் சிவகாசியில் முடிகிறது. ஊருக்குள் நுழைந்ததும் பட்டாசுக் கடைகளைவிட அச்சகங்களே அதிகம் கண்ணில் படும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கிய தொழில், நாடு முழுவதும் சுவரில் தொங்கும் காலண்டரையும் மேசையில் கிடக்கும் டைரியையும் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டையும் அச்சிடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இந்தியாவுக்கெல்லாம் அச்சடித்துத் தரும் ஊரில், பக்கத்து ஊர்களில் நடந்த சாவுகளைப் பற்றிய விசாரணை அறிக்கையை அச்சடிக்க மிஷின் இல்லை என்று சொல்ல முடியாது. மாவட்ட நிர்வாகமோ, தொழிலாளர் துறையோ, தொழிற்சங்கமோ, தொழிலில் அக்கறையுள்ள ஆலை உரிமையாளர் சங்கமோ, யார் வேண்டுமானாலும் இதைத் தொடங்கலாம். 2012 முதலிப்பட்டி, 2021 அச்சங்குளம் என்று ஆண்டு வாரியாக, தொழிலாளர்களின் வாக்குமூலங்களோடு, வாசல் பலகையில் இருந்த எண்ணையும் அறைக்குள் இருந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, தமிழில் ஒரு தொகுதி. விலை ஒரு பெட்டிப் பட்டாசைவிடக் குறைவாகவே அடங்கும். அதைப் படித்துக் கவிதை எழுத ஆள் வருவாரோ மாட்டாரோ, தன் அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்கத் தொழிலாளிக்கு அது கைப்பிடி ஆகும். எலிசபெத் பாரெட்டின் கவிதையிலிருந்து கரிசல் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய கண்ணீரை அல்ல, அவர் போட்ட அடிக்குறிப்பை.